‘ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை’ – யாருடைய ஆயுளுக்கு?



போன மாதம் மட்டும் மூன்று பேர் பில்பாசன் விளம்பர இணைப்பை எனக்கு அனுப்பி, “அண்ணா, இந்தக் கார் எடுக்கலாமா?” என்று கேட்டிருந்தார்கள். பொறியியல் படித்தவனுக்குக் கார் தெரியும் என்பது எங்கட சமூகத்தின் நம்பிக்கை. நான் செய்வது கணினி ஆலோசகர் வேலை. ஆனால் கியர்பொக்ஸ் பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பிக் களைத்துவிட்டேன். ஆகவே இந்தப் பதிவு.

மூன்று இணைப்பும் ஒரே மாதிரித்தான். ஏழெட்டு வருடம் ஓடிய ஜேர்மன் கார், ஒட்டோமற்றிக் கியர், ஒன்றரை லட்சம் கிலோமீற்றருக்கு மேல், கறுப்பு நிறம் (கறுப்பு ஏன் என்று தனியாக ஒரு பதிவு எழுதலாம்). அவர்கள் கேட்டவையும் ஒரே மாதிரி: குதிரைவலு காணுமா, பனோராமாக் கூரை நல்லதா, கடனுக்கு மாதம் எவ்வளவு வரும்? கியர்பொக்ஸ் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

டென்மார்க்கில் பழைய ஒட்டோமற்றிக் கார் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, “கியர்பொக்ஸ் ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது? அதற்குப் பில் இருக்கிறதா?” என்பதுதான் என் கருத்து. குதிரைவலு பிறகு. “அந்த ஒயில் மாற்றத் தேவையில்லை, அது ஆயுளுக்கும் போதும்” என்று விற்பவர் பதில் சொன்னால், விலையைக் குறைத்துப் பேசுங்கள் அல்லது வேறு கார் பாருங்கள்.

ஏன் என்று புரிய அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மனுவல் கியர்பொக்ஸில் ஒயிலின் வேலை சின்னது. பற்சில்லுகளும் பெயரிங்குகளும் தேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கிளச் வெளியே உலர்ந்து கிடக்கிறது, கியரை மாற்றுவது உங்கள் கை. ஒட்டோமற்றிக்கில் உங்கள் கையும் இடது காலும் செய்யும் வேலை முழுவதையும் ஒயில்தான் செய்கிறது. எஞ்சின் சுற்றும்போது ஒரு பம்ப் அந்த ஒயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைச் சின்னச் சின்ன வால்வுகள் சரியான பாதைக்குத் திருப்பிவிடுகின்றன. உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் கிளச் தட்டுகளை அந்த அழுத்தம்தான் இறுக்குகிறது. எந்த அடுக்கு இறுகுகிறது, எது தளருகிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்கு மூன்றாம் கியரோ ஆறாம் கியரோ கிடைக்கிறது.

அது மட்டுமில்லை. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் ரோர்க் கொன்வேட்டர் என்ற பகுதிக்குள்ளும் ஒயில்தான் இருக்கிறது. இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றைப் போட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றத் தொடங்கும் இல்லையா? அதே விசயம்தான், காற்றுக்குப் பதில் ஒயில். சிவப்பு விளக்கில் கார் கியரில் நிற்கும்போது எஞ்சின் நின்றுபோகாமல் இருப்பது இதனால்தான். உள்ளே உருவாகும் சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஒயில்.

ஒயிலின் கடினமான வேலை உராய்வுதான். எஞ்சின் ஒயில் எப்போதும் வழுக்கினால் போதும். கியர்பொக்ஸ் ஒயில் பற்சில்லுகளுக்கு நடுவில் வழுக்க வேண்டும், கிளச் தட்டுகளுக்கு நடுவில் அளவாகப் பிடிக்க வேண்டும். கூடப் பிடித்தால் கார் வெட்டி இழுக்கும், குறையப் பிடித்தால் தட்டு வழுக்கி எரியும். இதற்காக அந்த ஒயிலில் பலவிதமான இரசாயனச் சேர்மானங்கள் கலந்திருக்கின்றன. சூட்டிலும் காலத்திலும் அவை செலவாகிவிடும். கிளச் தட்டுகள் தேயும்போது வரும் தூளும் அதே ஒயிலில்தான் கலக்கிறது. அடித்தட்டில் ஒரு காந்தமும் ஒரு பில்ரரும் இருந்தாலும், காந்தம் இரும்புத் தூளைத்தான் பிடிக்கும். கிளச் தூள் இரும்பு இல்லை. பில்ரருக்குள்ளால் தப்பிய மிக நுண்ணிய தூள், மயிரிழை அகலப் பாதைகளில் ஓடும் வால்வுகளுக்குப் போய்ச் சேருகிறது.

எஞ்சின் ஒயிலை வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ மாற்றாவிட்டால் அம்மாவே ஏசுவா. அதைவிடக் கடினமான வேலை செய்யும் இந்த ஒயில் மட்டும் ஏன் ‘ஆயுளுக்கும்’?

யாருடைய ஆயுளுக்கு என்று கேட்டால் விளங்கும். புதுக் காரை வாங்குவது யார்? பெரும்பாலும் கொம்பனிகளும் லீசிங் எடுப்பவர்களும்தான். மூன்று நாலு வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் பார்ப்பது அந்த வருடங்களுக்கான சேர்விஸ் செலவை மட்டும். சேர்விஸ் பட்டியலில் ஒரு வரி குறைந்தால் கார் மலிவாகத் தெரியும். உற்பத்தியாளருக்குக் கவலை கரன்ரி முடியும் வரைதான். அதற்குள் அந்த ஒயில் ஒன்றும் செய்யாது, அது உண்மை. பிரச்சினை ஒன்றரை லட்சத்தில் வருகிறது. அப்போது சாவி யாருடைய கையில் இருக்கிறது? இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரின் கையில், அதாவது உங்கள் கையில். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன ஆயுளுக்குள் நீங்கள் இல்லை.

பெட்டியைச் செய்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஜேர்மனியில் ப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரில் இசட்எஃப் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 1915இல் செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பற்சில்லு செய்யத் தொடங்கியவர்கள். இன்று நீங்கள் ஆசைப்படும் பல ஜேர்மன் கார்களின் ஒட்டோமற்றிக் கியர்பொக்ஸ் இவர்களுடையது. காரின் கையேட்டில் ‘ஆயுளுக்கும்’ என்று இருக்கும். அதே பெட்டிக்கு இசட்எஃப் ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் ஒயிலை மாற்றச் சொல்கிறது. ஒயில், பில்ரரோடு சேர்ந்த அடித்தட்டு, திருகாணிகள் என்று ஒரு பெட்டியில் போட்டு விற்கவும் செய்கிறது. பெட்டி ஒன்று, ஒயில் ஒன்று, பதில் மட்டும் இரண்டு. பெட்டியைச் செய்தவரின் பதிலைத்தான் நான் எடுப்பேன்.

இரட்டைக் கிளச் பெட்டி வேறு சாதி. ஃபோக்ஸ்வாகனின் டிஎஸ்ஜி அந்த வகை. ஒரு கூட்டுக்குள் இரண்டு மனுவல் கியர்பொக்ஸ் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளச்சில் 1, 3, 5, மற்றதில் 2, 4, 6. நீங்கள் மூன்றில் ஓடும்போதே நாலு தயாராகக் காத்திருக்கும். 2003இல் வந்த ஆறு கியர்ப் பெட்டியில் கிளச் ஒயிலில் நனைந்தபடி இருக்கும். அதற்கு 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்லி உற்பத்தியாளரே எழுதிவைத்திருக்கிறார். இதில் ‘ஆயுள்’ பேச்சே இல்லை, ஆனாலும் சேர்விஸ் புத்தகத்தில் அந்த வரி வெறுமையாக இருக்கும் கார்கள் விற்பனைக்கு வருகின்றன. 2008இல் வந்த ஏழு கியர்ப் பெட்டியில் கிளச் உலர்ந்தது.

அந்த ஏழு கியர்ப் பெட்டிக்கு ஒரு கதை இருக்கிறது. 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி, நுகர்வோர் தின நிகழ்ச்சியில் இந்தப் பெட்டியின் பழுதுகளைப் போட்டு உடைத்தது. சில நாட்களில் ஃபோக்ஸ்வாகன் அங்கே 384,181 கார்களைத் திருப்பி அழைத்தது. அதே வருடம் நவம்பரில் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களுக்கு அந்தப் பெட்டியின் ஒயிலையே மாற்றிக் கொடுத்தார்கள். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய நாடுகளில், நின்று நின்று ஓடும் நெரிசலில், செயற்கை ஒயிலால் மின்பகுதி பழுதாகலாம் என்று கண்டுபிடித்துக் கனிம ஒயில் விட்டார்கள். மாற்றவே தேவையில்லை என்று ஊற்றிய ஒயில்!

அவுஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் மோசம். ஃபோர்ட் நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளச் பெட்டி ஃபியெஸ்ரா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்களில் வந்தது. கார் அதிருகிறது என்று முறையிட்டவர்களுக்கு, “நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்” என்று பல தடவை பதில் சொல்லப்பட்டது. அந்த அதிர்வு பெட்டியின் பழுதுக்கான அறிகுறி என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும்தான் அப்படிச் சொன்னார்கள். 2018 ஏப்ரலில் அந்த நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் ஃபோர்ட் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி டொலர் தண்டம் விதித்தது. “தம்பி, நீ ஓட்டுற விதம் சரியில்லை” என்று கராஜில் யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பு ஞாபகத்துக்கு வரட்டும். இளம் ஆள், கறுத்த ஆள், பழைய பிஎம்டபிள்யூ என்றால் அந்தப் பதில் இன்னும் சுலபமாக வாயில் வந்துவிடுகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

சரி, டென்மார்க்குக்கு வருவோம்.

இந்த நாட்டில் காரின் விலை எதனால் இப்படி என்று உங்களுக்குத் தெரியும். பதிவு வரியின் மேல்மட்ட வீதம் 2015 வரை 180. இப்போது விலையைப் பொறுத்து 25, 85, 150 வீதம் என்று மூன்று படி. அப்பாமார் வந்த காலத்தில் ஒட்டோமற்றிக் ஒரு ஆடம்பரம், அந்தக் கூடுதல் விலைக்கும் வரி கட்ட வேண்டும். அதனால் சின்ன மனுவல் காரில்தான் குடும்பங்கள் ஓடித் திரிந்தன. எங்கள் தலைமுறை ஒட்டோமற்றிக் வாங்குகிறது, ஆனால் பழையதாக வாங்குகிறது. வரி கூடிய நாட்டில் பழைய கார் நீண்ட காலம் சந்தையில் சுற்றும். அது தவறில்லை, நானும் பழைய கார்க் கட்சிதான். ஆனால் அதோடு பராமரிப்புக் கணக்கும் சேர்ந்து வருகிறது.

“சூன் பாஸ் பண்ணிட்டுது, பிறகென்ன?” என்று கேட்பீர்கள். சூன் என்ற பரிசோதனை முதல் நாலாம் வருடத்திலும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் வருகிறது. அது பாதுகாப்புக்கும் சூழலுக்குமான பரிசோதனை: பிரேக், வெளிச்சம், துரு, ரயர், புகை. உங்கள் கியர்பொக்ஸ் ஒயில் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கிறதா, தார் மாதிரி இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. நேற்றுச் சூன் முடித்த கார் நாளைக்கு மூன்றாம் கியரை இழக்கலாம், அதில் சட்ட முரண்பாடு எதுவும் இல்லை.

நாங்கள் ஓட்டும் விதத்தையும் பாருங்கள். வருடம் முழுக்க ஹேர்னிங்குக்குள்ளே ஐந்து நிமிட ஓட்டம், ஒயில் சூடாகுமுன் வீடு வந்துவிடும். குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு ஒயில்கூலருக்குப் போகும் குழாய்களை அரிக்கும். கோடையில் திடீரென்று ஐந்து பேரும் கூரைப் பெட்டியும் நிறையப் பொருளுமாக ஹம் காமாட்சி அம்மன் தேருக்கு ஜேர்மனி நோக்கி ஓட்டம். திரும்பும்போது பின்பக்கத்தில் அரிசி மூட்டை. இன்னும் சிலர் லாச்சப்பல் வரைக்கும். அந்த நெடுஞ்சாலைச் சூட்டில்தான் பழைய ஒயில் தன் வேலையைக் காட்டும். பழுதுபார்த்தால் பத்தாயிரக்கணக்கில் குரோனர். காரின் விலையைவிடக் கூட வந்துவிட்டால் கார் பழைய இரும்புதான், ஆனால் வங்கிக் கடன் அப்படியே நிற்கும். இருபத்திமூன்று வயதில் இல்லாத காருக்கு மாதாமாதம் கட்டும் ஒருவரை எனக்குத் தெரியும். படிப்பை இடையில் நிறுத்திவிட்டு முழுநேர வேலைக்குப் போகிறார். இது எண்ணெய் பற்றிய பதிவு மட்டுமில்லை என்று நான் நினைப்பதற்கு அவர்தான் காரணம்.

இனி இரண்டு பயங்கள்.

முதலாவது: “வேற கராஜில் செய்தால் கரன்ரி போயிடும்.” போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 461/2010 என்ற போட்டிச் சட்டவிதி இதற்காகவே இருக்கிறது. உற்பத்தியாளர் சொன்ன முறைப்படி, சரியான தரத்து ஒயிலோடு ஒரு சுயாதீன கராஜ் சேர்விஸ் செய்தால், அதைக் காரணம் காட்டிக் கரன்ரியை மறுக்க முடியாது. பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். எந்த ஒயில், எத்தனை லீற்றர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். கியர்பொக்ஸ் ஒயிலில் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்ற போத்தலை நம்ப வேண்டாம், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தரம் இருக்கிறது.

இரண்டாவது பயத்தைப் பிரண்டா அபிராமி அம்மன் கோயில் கார் நிறுத்தும் இடத்தில் எந்தத் திருவிழாவிலும் கேட்கலாம். “நல்லா ஓடுற பெட்டியைத் தொடாதை. ஒயிலை மாத்தினால் செத்துப்போயிடும்.” மாமாமார் இதை அடித்துச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு உதாரணமும் வைத்திருப்பார்கள். இதை நான் முழுப் பொய் என்று தள்ளமாட்டேன், ஆனால் காரணத்தைத் தலைகீழாக வைக்கிறார்கள். ‘ஆயுளுக்கும்’ என்று சொல்லப்பட்ட ஒயிலை ஆட்கள் எப்போது மாற்றப் போகிறார்கள்? பெட்டி ஏற்கனவே வழுக்கத் தொடங்கிய பிறகுதான். கடைசி நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இறந்தால் ஆஸ்பத்திரிதான் கொன்றது என்று சொல்வது மாதிரி. தட்டு தேய்ந்து முடிந்த பெட்டியை எந்த ஒயிலும் காப்பாற்றாது, அது உண்மை. பழைய பெட்டிக்குள் அழுத்தத்தோடு புது ஒயிலைப் பாய்ச்சிக் கழுவினால், அடியில் படிந்து கிடந்த அழுக்கு கிளம்பி வால்வை அடைக்கலாம் என்று பயப்படும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தை நான் மதிக்கிறேன். அதற்கு வழி, வடித்து, பில்ரரை மாற்றி, நிரப்பி, கொஞ்சம் ஓடி, திரும்ப ஒருமுறை வடித்து நிரப்புவது. மாற்றாமலே விடுவது வழியில்லை. அதையும் பெட்டி நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

மாமாமாரைச் சும்மா பகிடி பண்ணவும் எனக்கு விருப்பமில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல், பற்றரி என்று எதுவும் யாழ்ப்பாணத்துக்குள் வராமல் நின்றபோது, ஒஸ்ரின் ஏ40ஐயும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய ஆட்கள் இருந்த ஊர் அது. ஒரு சின்னப் போத்தலில் இருக்கும் சில துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பாகம் கிடைக்காவிட்டால் கடைந்து செய்வார்கள். இப்படி வளர்ந்த ஒருவர் டென்மார்க் கராஜில், “முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும்” என்று கேட்கும்போது சிரிக்கத்தான் செய்வார். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒஸ்ரினின் பெட்டி திறந்து பார்க்கக்கூடிய பெட்டி. இன்றைய பெட்டியில் ஒயில் மட்டத்தைப் பார்க்கவே ஒயில் குறித்த வெப்பநிலையில் இருக்க வேண்டும், அதைக் கணினியை மாட்டித்தான் வாசிக்கலாம். பலதில் அளவுக் கோலே கிடையாது. ஆகவே, “நானே முற்றத்தில் செய்கிறேன்” என்று கிளம்பும் தம்பிமாருக்கு: எஞ்சின் ஒயில், பிரேக் கட்டை, பில்ரர் எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். ஒட்டோமற்றிக் பெட்டிக்கு அந்தப் பெட்டியைத் தெரிந்த, கருவி உள்ள கராஜ் ஒன்றைத் தேடுங்கள்.

இந்த இடத்தில் என் தொழில் குறுக்கே வருகிறது. கியர்பொக்ஸுக்குள் இப்போது ஒரு சின்னக் கணினி உட்கார்ந்திருக்கிறது. சில கார்களில் அதைக் கழற்றி அதே மாதிரியான இன்னொன்றைப் போட்டால், உற்பத்தியாளரின் சேர்வர் அனுமதிக்கும் வரை கார் நகராது. திருட்டைத் தடுக்க என்கிறார்கள், பாதி உண்மை. மற்றப் பாதி, பழுதுபார்க்கும் வியாபாரம் யாருக்கு என்பது. 2023 ஒக்டோபர் 5 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. ஜேர்மனியின் ஏரியூ கராஜ் சங்கிலியும் கார்கிளாசும் ஒரு பக்கம், எஃப்சிஏ இத்தாலி மறுபக்கம். காரின் பரிசோதனை இணைப்பை வாசிக்கச் சுயாதீன கராஜ்களுக்கு, சட்டத்தில் இல்லாத பதிவு, இணையவழி அனுமதி போன்ற நிபந்தனைகளை உற்பத்தியாளர் தன் விருப்பத்துக்குப் போட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. எங்கட ஊர்ச் சின்ன கராஜ் உயிரோடு இருப்பது இப்படியான தீர்ப்புகளால்தான். இன்னொரு பக்கம், ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பெரிதாகக் கொண்டுவந்த சட்டத்தில் சலவை இயந்திரம் இருக்கிறது, கைபேசி இருக்கிறது, கார் இல்லை. வீட்டுக்கு அடுத்தபடி நாங்கள் கூடக் காசு கொடுக்கும் பொருள் அதில் இல்லாதது எனக்கு விளங்கவேயில்லை.

உரிமை என்றவுடன் வாங்கும் பத்திரத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கட ஆக்கள் கூடத் தோற்பது அங்கேதான். வியாபாரியிடம் வாங்கினால் பழைய காருக்கும் இரண்டு வருடம் முறையிடும் உரிமை டெனிஷ் சட்டத்தில் இருக்கிறது. 2022 ஜனவரி முதல், முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் தெரியவரும் பழுது பெரும்பாலும் வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், இல்லை என்று வியாபாரிதான் காட்ட வேண்டும். ஆனால் வழக்கமான தேய்மானம் பழுதாக எண்ணப்படாது. கியர்பொக்ஸ் வழக்கு எப்போதும் நிற்கும் இடம் அந்தக் கோடுதான். விளம்பரத்தில் ‘எங்ரோஸ்’, அதாவது மொத்த விலை, உரிமை கிடையாது என்று போட்டிருந்தால் பயந்துவிடாதீர்கள். சாதாரண நுகர்வோரின் உரிமையை வியாபாரி அப்படி ஒரு சொல்லால் அழிக்க முடியாது. ஆனால் அப்படி எழுதும் வியாபாரியோடு பிறகு சண்டை பிடிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சண்டை வந்தால் கார்களுக்கான முறைப்பாட்டுச் சபை இருக்கிறது. வாங்குமுன் காசு கொடுத்து எஃப்டிஎம்மிடம் காரைச் சோதிக்கவும் முடியும். அந்தக் காசுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

தனியாரிடம் வாங்கினால் பாதுகாப்பு மிகக் குறைவு. எங்களுக்குள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது: தெரிந்த அண்ணை, மொபைல்பேயில் காசு, வாய்ப் பேச்சு. “எங்கட ஆளிட்ட போய்ப் பத்திரம் கேட்கிறதா? என்ன நினைப்பார்?” ஒன்றும் நினைக்கமாட்டார். நினைத்தால் அவரிடம் வாங்க வேண்டாம். கிலோமீற்றர், தெரிந்த குறைகள், கியர்பொக்ஸ் ஒயில் மாற்றியதா இல்லையா, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உறவு கெடுவது தாளால் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பெட்டி போகும்போது, “நீங்கள் சொன்னீங்கள்”, “நான் சொல்லேல்லை” என்று இரண்டு குடும்பம் கோயிலில் முகம் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியதும் அதிகமில்லை. காரைக் குளிராகவே எடுங்கள். நீங்கள் வருமுன் விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு செய்தி. பியிலிருந்து டிக்குப் போட்டவுடன் பிடிக்கிறதா, ஒரு கணம் யோசித்துவிட்டு இடிக்கிறதா? ஆரையும் அதே மாதிரிப் பாருங்கள். 60, 80 வேகத்தில் மெல்லச் சீராக அழுத்தும்போது வீதியோரக் கோட்டில் ஏறினமாதிரி ஒரு நடுக்கம் வந்தால் ரோர்க் கொன்வேட்டரின் பூட்டுக் கிளச்சும் ஒயிலும்தான் முதல் சந்தேகம். குறைந்தது அரை மணித்தியாலம் ஓடுங்கள், நெடுஞ்சாலையில் ஏறுங்கள், பிறகு நகரத்துக்குள் நின்று நின்று ஓடுங்கள். பாட்டுப் போடாதீர்கள்.

“அண்ணா, இதெல்லாம் பழைய கதை, நான் மின்சாரக் கார் எடுக்கப் போறன்” என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல விசயம். 2024இல் டென்மார்க்கில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் மின்சாரக் கார்தான். அதில் கியர் மாற்றும் பெட்டி இல்லை என்பது பெரும்பாலும் சரி. ஆனால் மோட்டார் மிக வேகமாகச் சுற்றும், சில்லு அப்படிச் சுற்ற முடியாது. நடுவில் வேகத்தைக் குறைக்க ஒரு பற்சில்லுத் தொகுதி இருக்கிறது, அதற்குள்ளும் ஒயில் இருக்கிறது. அந்த ஒயிலுக்குக் கிளச் தட்டு வேலை இல்லாததால் கஷ்டம் குறைவுதான். ஆனாலும் சில கொம்பனிகள் அதற்கு மாற்றும் தவணை எழுதியிருக்கின்றன, சில எழுதவில்லை. நீங்கள் பார்த்துவைத்த காரின் சேர்விஸ் அட்டவணையை இறக்கி அந்த வரியைத் தேடிப் பாருங்கள். தவணை இல்லாவிட்டால், மூன்றாவது உரிமையாளராக நீங்கள் அதை வாங்கும் வருடம் எது, அப்போது அது எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.